மூழ்காத மரமும் மூழ்கும் ஃபைபரும்

மெட்ரோவில் விம்கோ நகர் பக்கம் போகிறவர்களுக்குக் காலடிப்பேட்டை ஸ்டேஷன் தெரிந்திருக்கும். பெயரைக் கேட்டால் யாரோ மகான் கால் வைத்த இடம் மாதிரி தோணும். அதெல்லாம் இல்லைங்க. 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலட், நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர் இது. காலட் பேட்டை நம்ம வாயில் காலடிப்பேட்டை ஆயிடுச்சு.

இன்னைக்கு நெசவுக் கதை பேசப் போறதில்லை. அந்த ஸ்டேஷனில் இறங்கிக் கிழக்கே நடந்தால் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை வரும். அதைத் தாண்டினால் கருங்கல் கொட்டிய கரை, அப்புறம் கடல். இங்கிருந்து தெற்கே காசிமேடு வரைக்கும், வடக்கே எண்ணூர் வரைக்கும் குப்பங்களில் நிற்கிற சின்னப் படகுகளைப் பாருங்க, பெரும்பாலும் ஃபைபர் போட்தான். அந்தப் படகின் ஓரத்திலும் பலகைக்கு அடியிலும் மூடி வைத்த பெட்டி மாதிரி இடங்கள் இருக்கும். அதற்குள் என்ன இருக்கிறது, அல்லது ஒண்ணுமே இல்லையா? அதுதான் இந்த எபிசோட்.

முதலில் கட்டுமரம். 1697இல் வெளியான தன் பயணப் புத்தகத்தில் வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதினார். ஆங்கிலத்தில் 'கேட்டமரன்' என்கிற சொல் நம்மிடமிருந்து போனதுதான். இன்றைக்கு அந்தச் சொல்லுக்கு இரட்டை உடல் கொண்ட உல்லாசப் படகு என்று அர்த்தம் ஆகிவிட்டது. அதற்கும் நம்ம கட்டுமரத்துக்கும் கிட்டத்தட்ட எந்த உறவும் இல்லை. அது வேற கதை.

சென்னைக்குத் துறைமுகம் வருவதற்கு முன்னால் கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் அலையைத் தாண்டிக் கரைக்கு வந்தது மசூலா படகில், அதாவது பலகைகளைக் கயிற்றால் தைத்த படகில். மசூலா கவிழ்ந்தால் தண்ணீரில் விழுந்தவர்களைத் தூக்க, பக்கத்திலேயே கட்டுமரம் போகும். படகு கவிழலாம், கட்டுமரத்துக்கு மூழ்கவே தெரியாது. அன்றைய லைஃப்போட் அதுதான்.

ஏன் மூழ்காது? அதற்கு 'உள்ளே' என்று ஒன்று கிடையாது. தண்ணீர் மரங்களுக்கு நடுவே ஏறும், இறங்கும். மிதப்பு முழுக்க அந்த மரத்திலேயே இருக்கிறது. அல்பீசியா போன்ற லேசான மரமாகத் தேடி எடுத்ததற்குக் காரணமும் அதுதான். ஆனா கட்டுமரத்தை ரொம்பவும் கொண்டாட நான் தயாரில்லை. அந்த மரம் தண்ணீர் குடித்துக் கனக்கும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துக் காய வைக்கணும். மீனை ஐஸ் போட்டு வைக்க இடம் இல்லை. அதில் போகிறவர் நாள் முழுக்க இடுப்பு வரை நனைந்தே உட்கார்ந்திருப்பார்.

1980களுக்கு வந்தால், நல்ல மரம் கிடைப்பது அரிதாகி, விலை ஏறிவிட்டது. கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் பெல்ஜியத்தைச் சேர்ந்த பியர் கில்லே பிளைவுட் படகுகளைச் செய்து பார்த்தார். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 1979இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், பிறகு சென்னையைத் தலைமையகமாக்கிக்கொண்டு, கடற்கரை மணலிலேயே வந்து ஏறக்கூடிய ஃபைபர் படகுகளை உருவாக்கியது. அதில் வேலை செய்த நார்வே நாட்டுப் படகு வடிவமைப்பாளர் ஓய்விண்ட் குல்பிரான்சன், பாஜோ என்பவரோடு சேர்ந்து 1993இல் சின்ன மீன்பிடிப் படகுகளுக்கான பாதுகாப்புக் கையேடு ஒன்றை எழுதினார். நிறையப் படங்கள்.

இப்போ கொஞ்சம் கணக்கு, பயப்படாதீங்க. ஃபைபர் என்று நாம் சொல்வது கண்ணாடி இழையும் பாலியஸ்டர் ரெசினும் சேர்ந்தது. தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அடர்த்தி. உள்ளே காற்று இருக்கிற வரைக்கும்தான் மிதக்கும், தண்ணீர் நிறைந்தால் அடியில் போகும். 450 கிலோ எடையுள்ள ஒரு படகை உதாரணத்துக்கு எடுத்துக்குவோம். முழுசாக முங்கினால் தண்ணீர் அதில் 300 கிலோவைத் தாங்கும், மீதி 150 கிலோ கீழே இழுக்கும். எஞ்சின் இரும்பு, அதன் இழுப்பு ஒரு 50 கிலோ. மொத்தம் 200. ஒரு லிட்டர் ஃபோம் ஏறக்குறைய ஒரு கிலோவைத் தூக்கும். அப்போ ஒரு எண்ணெய் டிரம் அளவு, 200 லிட்டர் ஃபோம் இருந்தால் படகு தண்ணீர் மட்டத்தில் தொங்கும். அவ்வளவுதான். நாலு பேர் அதன் மேல் ஏறி பாதி உடம்பு வெளியே தெரிய உட்காரணும்னா இன்னொரு டிரம் அளவு வேணும்.

அந்த ஃபோமை எங்கே வைப்பது என்பது அளவைவிட முக்கியம். பலரும் தவறாக நினைக்கிற இடம் இது. அடியில் வைத்தால் நல்லது என்று தோணும், ஆனா தண்ணீர் நிறைந்த படகில் அடியிலிருக்கும் ஃபோம் மேலே வரத் துடிக்கும், கனமான எஞ்சின் கீழே போகப் பார்க்கும். படகு குப்புறக் கவிழும். பக்கவாட்டில், விளிம்புக்குக் கீழே உயரத்தில் வைத்தால், எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்க ஃபோம் தண்ணீருக்குள் போய்ப் படகைத் திருப்பித் தள்ளும்.

அமெரிக்காவில் இதை ஒருவர் விளம்பரமாகவே செய்தார். டிக் ஃபிஷர், 1958இல் பாஸ்டன் வேலர் என்ற படகைக் கொண்டுவந்தவர். இரண்டு ஃபைபர் ஓடுகளுக்கு நடுவே முழுக்க ஃபோம். 1961இல் லைஃப் பத்திரிகையில் வந்த படங்களில், அவர் உட்கார்ந்திருக்க, படகை ரம்பத்தால் இரண்டாக அறுக்கிறார்கள். பாதிப் படகிலும் அவர் மிதக்கிறார். ஓட்டுக்குள் ஃபோம் அடைத்தால் கிடைப்பது என்ன? ஒரு பெரிய லேசான கட்டை. யோசித்துப் பார்த்தால் நம்ம குப்பத்து ஆட்களுக்கு அது புதுசே இல்லை. 1970களில் அங்கே 20 அடிக்குக் குறைவான அவுட்போர்டு மோட்டார் படகுகளுக்கு, நிரம்பினாலும் சமமாக மிதக்கணும் என்று சட்டமே வந்தது.

இங்கே 2004 டிசம்பர் 26 வந்தது. சுனாமி கட்டுமரங்களை உடைத்துப் போட்டது, உதவியாக வந்தது பெரும்பாலும் ஃபைபர் போட். தேவை பல ஆயிரம், அவசரமோ அதைவிடப் பெரிசு. புதுப் பட்டறைகள் முளைத்தன. தரம் சரியில்லை என்ற புகார்கள் அப்போதே எழுந்தன. எத்தனை படகு கொடுத்தோம் என்று எண்ணுவது சுலபம், மூடிய பெட்டிக்குள் ஃபோம் இருக்கிறதா என்று பார்ப்பது கஷ்டம். படகு வாங்குகிறவருக்கும் நீளமும் எஞ்சினும் கண்ணுக்குத் தெரியும். ஃபோம் தெரியாது, காசும் கேட்கும், மீன் வைக்கும் இடத்தையும் பிடிக்கும்.

வைத்தாலும் எதை வைப்பது? தெர்மாகோல் மலிவு. ஆனா அது பாலிஸ்டைரீன். பாலியஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் இருக்கிறது, ஈர ரெசின் நேராகப் பட்டால் தெர்மாகோல் கரைந்து குழியாகிவிடும். பெட்ரோல் கசிந்தாலும் அதே கதி. அதனால் பிளாஸ்டிக் ஷீட்டில் சுற்றித்தான் வைக்கணும். பாலியூரிதேன் ஃபோம் அப்படிக் கரையாது, விலை கூடுதல். அதுவும் மட்டமானதாக இருந்தால் வருஷக்கணக்கில் தண்ணீரை உறிஞ்சி, மிதக்க வைக்க வேண்டியதே எடையாக மாறிவிடும்.

இங்கேதான் திருவொற்றியூர்க் கரை வருகிறது. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு வடக்கே மணல் அரித்துப் போனதால்தான் கல் கொட்டினார்கள். மணலில் இழுத்து ஏற்ற வேண்டிய படகு கல்லில் உரசினால் ஃபைபரில் கீறல் விழும். மேலே பெயின்ட் அடித்தால் கீறல் மறைந்துவிடும், பெட்டிக்குள் தண்ணீர் இறங்குவது மறையாது. அப்படி ஒரு படகு போன வருஷத்தைவிடக் கனம் கூடியிருக்கும். கட்டுமரக்காரர் அதை உணர்ந்ததும் கட்டை அவிழ்த்து வெயிலில் போட்டார். ஃபைபர் போட்டுக்கு அவிழ்க்க ஒன்றும் இல்லை, பெட்டியை அறுத்துத் திறந்து, நனைந்த ஃபோமைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசு அடைக்கணும்.

அடுத்த எபிசோடில் அந்த அலைதடுப்புச் சுவரின் கதை, 1881 புயலில் இருந்து தொடங்கலாம்.