குசினியிலிருந்து கூடத்துக்கு

புதுச்சேரிக் கடற்கரையை அடுத்த வெள்ளை நகர வீதிகளின் மஞ்சள் சுவர்களையும் காகிதப்பூக் கொடிகளையும் கண்டு களித்து, அவ்வூரின் உணவு மரபு பிரெஞ்சுத் துரைமார்களின் மேஜையில் பிறந்து அவர்கள் தயவால் நமக்குக் கிடைத்தது என்று எண்ணிக்கொண்டு திரும்புகிற யாத்திரிகர் பலர். ஆனால் அங்கே குடும்பத்தார் நடத்துகிற சிறிய உணவகம் ஒன்றில் அமர்ந்து, அந்த வீட்டு அம்மாளே வந்து பரிமாறுவதை நிதானமாக உண்பவர், அம்மரபைச் சிருஷ்டித்தவர்கள் துரைமார்கள் அல்லர் என்பதையும், அவர்களுடைய குசினிகளில் அடுப்பூதியவர்களும், அவர்களுடைய பட்டாளத்திலும் கச்சேரிகளிலும் சேவகம் செய்யக் கீழைக் கடலைத் தாண்டிப் போனவர்களும், அப்படிப் போனவர்களை மணந்த பெண்களுமே அதனை ஆக்கியவர்கள் என்பதையும் விரைவில் உணர்ந்துவிடுவார்.

பிரான்சுவா மார்த்தேன் 1674இல் இங்கே வந்து நிலைகொண்டது முதல் 1954 வரை, டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் இடையிடையே பிடித்துவைத்திருந்த காலம் நீங்கலாக, ஊர் பிரெஞ்சுக்காரர் வசமே இருந்தது. துரை கேட்டது ஒன்று, கடைத்தெருவில் கிடைத்தது மற்றொன்று, சமைப்பவன் அறிந்தது வேறொன்று. இம்மூன்றுக்கும் இடையே தினந்தோறும் நிகழ்ந்த சமரசமே கிரியோல் சமையல். இறைச்சியைக் காடியிலும் பூண்டிலும் ஊறவைக்கும் முறை போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. கிறிஸ்துமஸுக்குச் செய்யும் விவிகம் என்னும் கேக்கில், மாவுக்குப் பதிலாக வெண்ணெயில் வறுத்த நம் ரவை புகுந்தது. ரம்மில் ஊறிய திராட்சையும் முந்திரியும் அதில் சேர்ந்தன. தாளிதத்துக்கோ நம்முடைய வடகமே போதுமானதாயிருந்தது. சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை ஆகியவற்றை இடித்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, கோடை வெயிலில் பல நாள் காயவைத்த அவ்வுருண்டையைப் பிரெஞ்சுச் சமையற்காரர்கள் பிற்காலத்தில் 'வடுவான்' என்று பெயரிட்டுத் தங்கள் தேசத்துக்குக் கொண்டுபோய், உயர்ந்த விலைக்கு விற்கும் சரக்காக்கிக்கொண்டார்கள். அதனால் வெங்காயம் உரித்த கைகளுக்கு என்ன லாபம் என்று கேட்பாரில்லை.

ஆயினும் புதுச்சேரிக் குடும்பங்களின் அடுப்பை முற்றிலும் மாற்றிவிட்ட சம்பவம் நிகழ்ந்த இடம் புதுச்சேரியன்று, வியட்நாமின் சைகோன். பிரெஞ்சுப் படை 1859இல் அந்நகரைக் கைப்பற்றி, 1862 உடன்படிக்கையின்படி கொச்சின்சீனா என்னும் தென் வியட்நாமின் கிழக்கு மாகாணங்களைத் தன்னதாக்கிக்கொண்டபின், பிரெஞ்சு எழுதப் படிக்கத் தெரிந்த சிப்பந்திகள் அங்கே தேவைப்பட்டனர். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் அத்தகையோர் இருந்தார்கள். காலணியோடு நீதிமன்றம் புகுந்ததற்காகத் தடுக்கப்பட்ட வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளையைப் போன்றோரின் முயற்சிக்குப் பின்னர், 1881இல் பிறந்த ஆணை, தம் ஜாதி ஆசார வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்பவர்களுக்குப் புதிய குடும்பப் பெயரையும் பூரண பிரஜா உரிமையையும் அளித்தது. பொன்னுத்தம்பி 'லாபோர்த்' ஆனார். துறந்தவர்களில் பலர், குறிப்பாகக் கத்தோலிக்கரும் தாழ்த்தப்பட்டோரும், கப்பலேறிச் சென்று சைகோனில் போலீஸ், தபால், சுங்கம், வரிவசூல் ஆகிய உத்தியோகங்களில் அமர்ந்தனர். அவர்களுக்கு அருகிலேயே செட்டிமார்கள் வட்டிக்கடை நடத்தினர். பால்காரத் தமிழர்கள் மாடு வளர்த்தனர். மாரியம்மனுக்குக் கோயிலும் எழுந்தது. உத்தியோகஸ்தர் சிலர் அவ்வூர்ப் பெண்களை மணந்தனர். அந்த வீடுகளில், ஒரே குசினியில், மிளகாய்த்தூளும் மீன் சாறும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பழகின.

பிறகு 1954ஆம் ஆண்டு வந்தது. வியட்நாமின் தியன் பியன் பூவில் மே மாதம் பிரெஞ்சுப் படை தோற்றது. ஜூலையில் ஜெனீவா ஒப்பந்தம் அங்கே பிரெஞ்சு ஆட்சியை முடித்துவைத்தது. நவம்பர் முதல் தேதியன்று புதுச்சேரியே இந்தியாவின் நிர்வாகத்துக்குள் வந்துவிட்டது. பிரெஞ்சுக் கொடி இறங்கிய ஒரு தேசத்தைவிட்டுப் புறப்பட்டு, அக்கொடி இறங்கிக்கொண்டிருக்கும் மற்றொரு நகரத்தில் வந்து இறங்கிய சைகோன் தமிழர்களின் திகைப்பை யார் எழுதிவைத்தார்கள்? சட்டப்படியான மாற்றம் 1962இல் முற்றுப்பெற்றபோது, பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்ள விரும்பியோர் ஆறு மாதத்துக்குள் தெரிவிக்கலாம் என்று வாய்ப்பளிக்கப்பட்டது. ஏறத்தாழ 5,000 பேர் அவ்வாறு தெரிவித்தனர். ஓய்வூதியம் வாங்கிய பழைய படைவீரர்களை ஊரார் 'சொல்தா' என்றழைத்தனர். சைகோன் 1975இல் வீழ்ந்தபின் எஞ்சியிருந்த சில குடும்பங்களும் வந்து சேர்ந்தன.

அவர்கள் கொண்டுவந்த பண்டங்களில் தலையாயது சாய்யோ. ஊறவைத்த சேமியாவும் மரக்காளானும் கொத்திய பன்றியிறைச்சியும் இறாலும் கலந்து, நீரில் நனைத்த அரிசித்தாளில் இறுகச் சுற்றி, மிதமாகக் காய்ந்த எண்ணெயில் பொரித்தெடுத்து, கீரையிலையிலும் புதினாவிலும் பொதிந்து, எலுமிச்சையும் சர்க்கரையும் பூண்டும் மிளகாயும் சேர்த்த மீன் சாற்றில் தோய்த்து உண்பது. நெத்திலியை உப்பிட்டு மாதக்கணக்கில் புளிக்கவைத்து வடிக்கும் அச்சாற்றின் வாசனை முதலில் எவரையும் மிரட்டும். கருவாட்டுக்குப் பழகிய கடலோரத் தமிழனுக்கு அந்த மிரட்சி நெடுநேரம் நிற்பதில்லை. சம்பா கோயில் என்னும் தேவாலயத்தைச் சுற்றியுள்ள கத்தோலிக்க வீடுகளில் கல்யாணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் சாய்யோ தட்டு இல்லாவிடில் விருந்து குறையுடையதென்றே கருதுவார்கள்.

இத்தகைய சமையல் நெடுங்காலம் வீட்டுக்குள்ளேயே அடைபட்டிருந்தது ஏன்? அந்நியன் கையால் உண்பதில் ஆசாரம் பார்த்த சமூகத்தில் வெளியுணவு என்பதே தயக்கத்துக்குரியதாயிருந்தது ஒரு காரணம். மற்றொன்று, என் கருத்தில், மது. சென்னை மாகாணம் முழுவதும் 1948இல் மதுவிலக்கு அமலானபோது, எல்லைக்கு இப்பால் இருந்த புதுச்சேரியில் மது தடையின்றிக் கிடைத்தது. அதை நாடி வெளியூரிலிருந்து வந்தவர்களின் கண் புட்டியின்மீதே இருந்ததால், தட்டில் என்ன வைத்தாலும் அவர்களுக்குச் சம்மதமே. அத்தகைய சந்தையில், ஒரு நாள் முழுவதும் பிடிக்கும் நுணுக்கமான பக்குவத்துக்கு விலையேது? ஓய்வூதியம் நின்று, விதவைகளும் பெண்மக்களும் ஜீவனத்துக்கு வழிதேட நேர்ந்தபோதுதான், முன்கூட்டிச் சொல்லிவைத்தவர்களுக்கு மட்டும் சமைத்துத் தரும் வழக்கம் சில வீடுகளில் பிறந்தது. கூடத்தில் நாலு மேஜை போடப்பட்டதெல்லாம் அதற்குப் பிறகுதான். விலைப்பட்டியல் நீளாமலிருப்பதும், அன்று சந்தையில் மீன் எது நல்லதோ அதுவே சமைக்கப்படுவதும், இந்த உணவகங்களின் குறையன்று, அவற்றின் பிறப்பிலக்கணம்.

இதே புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து மேற்கே போனவர்களுக்கு வாய்த்தது வேறு விதி. மர்த்தினீக்கிற்கு 1853 முதலும் குவாதலூப்பிற்கு 1854 முதலும் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோரில் பெரும்பாலோர் திரும்பவில்லை. அவர்கள் அரைத்த கறிப்பொடி மட்டும் 'கொலொம்போ' என்னும் பெயரால் அத்தீவுகளின் பொதுச்சொத்தாயிற்று. கிழக்கே சென்றவர்கள் உத்தியோகத்தில் இருந்ததால் கப்பல் கட்டணமும் ஓய்வூதியமும் அவர்களுக்குக் கிடைத்தன. திரும்பியவர்களின் சமையலைப் பற்றி நாம் பேசுகிறோம் என்றால், காரணம் அதுவே.

திரும்பிய குடும்பங்களின் அடுத்த தலைமுறை மறுபடியும் கடல் கடந்தது, இம்முறை பிரான்ஸுக்கு. பாரிஸின் பிராடி கடைச்சந்தில் 1970களில் இந்திய உணவகம் திறந்தவரும் புதுச்சேரித் தமிழரே. ஆனால் இந்திய உணவு என்று பிரெஞ்சு வாடிக்கையாளர் அங்கே நாடியது தந்தூரிக் கோழியை. பதின்மூன்றாம் வட்டாரத்தில் குடியேறிய வியட்நாமியர் கடைகளில் சாய்யோ தாராளமாக விற்றதால், புதுச்சேரிக் குடும்பங்கள் அதைத் தாங்களே சுற்றவேண்டிய தேவையும் அங்கே பெரிதாக இருக்கவில்லை.