ஸரந்தீப் உருக்கும் நனோ உலோகமும்



"முஸ்லிம்கள் அந்தக் காலத்திலேயே நனோ தொழில்நுட்பம் அறிந்திருந்தார்கள்" என்று ஒரு செய்தி வட்ஸ்அப் குழுமங்களில் சுற்றுகிறது. என் மாணவன் ஒருவன் அதை அனுப்பி, "உண்மையா சேர்?" என்று கேட்டிருந்தான். பாதி உண்மை. ஆனால் நம் நாட்டைத் தொடும் பகுதி அந்தச் செய்தியில் இல்லவே இல்லை.

2006இல் ஜேர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்கள், 17ஆம் நூற்றாண்டு டமஸ்கஸ் வாள் ஒன்றின் துண்டை அமிலத்தில் கரைத்து இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். காபன் நனோ குழாய்கள் தெரிந்தன. அந்த வாளை அடித்த கொல்லனுக்கு நனோ என்ற அளவு தெரியாது. எந்த உருக்குக் கட்டி நல்லது, எந்தச் சூட்டில் தட்டுவது, எப்போது நிறுத்துவது என்பது தெரியும். அது சின்ன அறிவல்ல. ஆனால் ஏன் அப்படி வருகிறது என்று தெரியாததால், கட்டி மாறினால் வாளும் மாறிவிடும். 1820ஐ ஒட்டி லண்டனில் மைக்கல் பரடேயும் (அவரும் ஒரு கொல்லனின் மகன்தான்) இந்த உருக்கை ஆராய்ந்து, அலுமினியம் கலந்ததுதான் காரணம் என்று பிழையான முடிவுக்கு வந்தார்.

ஒரு வாள் செய்வது வேறு, சந்தைக்குப் போதுமான உருக்கு செய்வது வேறு. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் அல்-கிந்தி, கலீபா அல்-முஃதஸிமுக்காக வாள்களைப் பற்றி எழுதிய நூலில் ஸரந்தீப் உருக்கைத் தனியாகக் குறிப்பிடுகிறார். அவ்வளவு தூரம் போகுமளவுக்கு இங்கே எப்படிச் செய்தார்கள்?

விடை பலாங்கொடைப் பக்கம் கிடைத்தது. சமனலவெவ நீர்த்தேக்கத்துக்கான வேலைகள் நடந்த காலத்தில், கில் ஜூலெஃப் என்ற ஆய்வாளர் அங்குள்ள குன்றுகளில் மேற்கு நோக்கிய உலைகளின் எச்சங்களைக் கண்டார். 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையானவை. துருத்தி ஊத ஆள் வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றே ஊதியது. உலை ஒன்றைத் திரும்பக் கட்டி எரித்துப் பார்த்தபோது, காபன் மிகுந்த உருக்கே கிடைத்தது. 1996இல் நேச்சர் சஞ்சிகையில் இது வெளியானது. அந்த டமஸ்கஸ் வாளுக்கும் இந்த உலைகளுக்கும் இடையில் 600 வருடம் இருக்கிறது, இரண்டையும் ஒட்டிவிடாதீர்கள். ஆனால் ஊதும் கூலியே இல்லாமல் ஒரு குன்று முழுக்க உலை வைத்தார்களே, நான் பெருமைப்படுவது அதற்காகத்தான்.

இன்றைய நனோ உலோகமும் அளவு என்ற இடத்தில்தான் திணறுகிறது. உலோகத்தை அமுக்கி முறுக்கி அதன் மணிகளை நனோ அளவுக்கு நுணுக்கலாம். பலம் பல மடங்காகும். ஆனால் அந்த முறையில் பெரும்பாலும் கிடைப்பது சில்லறைக் காசளவு வில்லைதான். அதை வைத்து என்ன செய்வது?

1998இல் ஜப்பானின் ஒசாகாவில் வேறு வழி பார்த்தார்கள். இரண்டு தகடுகளைச் சுத்தமாக உரசி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, பாதித் தடிப்புக்கு உருட்டுவது. பிறகு இரண்டாக வெட்டி, அடுக்கி, மறுபடி உருட்டுவது. நம் கடையில் பராட்டாவுக்கு மாவை மடிப்பது போலத்தான். 10 தடவையில் 1024 படைகள். 1 மில்லிமீற்றர் தகட்டில் ஒரு படை ஒரு மைக்ரோமீற்றரிலும் குறைவு. சாதாரண அலுமினியத்தின் பலம் மூன்று மடங்குக்கு மேல் கூடியது. எல்லாத் தொழிற்சாலையிலும் இருக்கும் உருளை இயந்திரமே போதும். ஓரங்களில் வெடிப்பு விழுவதுதான் தொல்லை. அதை வெட்டி எறிந்துகொண்டே போனால் தகடு சுருங்கிவிடும்.

அந்த மாணவனுக்கு இவ்வளவையும் எழுதி அனுப்பினேன். "அப்போ அந்த மெசேஜை ஃபோர்வர்ட் பண்ணவா சேர்?" என்று கேட்கிறான்.