ஐந்தாவது பிழை

பிரான்சில் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கிய 1882ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே 'செர்த்திபிக்கா' தேர்வும் இடம்பெற்றது. பதினொரு வயதிலிருந்து எழுதலாம். சொல்வதெழுதுதல், கணக்கு, கட்டுரை, வரலாறு, புவியியல்; பெண்பிள்ளைகளுக்குத் தையலும் உண்டு. பட்டியல் நல்ல பட்டியல்தான். ஆனால் சொல்வதெழுதுதலில் ஐந்து பிழை என்றால் சுழி. சுழி வாங்கினால் மற்ற பாடங்களில் எவ்வளவு எடுத்தாலும் தோல்விதான். அதனால் வகுப்பில் ஓயாமல் சொல்வதெழுதுதல்.

புதுச்சேரியில் என்னோடு பிரெஞ்சு வழியில் படித்தவன் ஒருவன் கணக்கில் புலி. அவனுடைய ஐந்தாவது பிழை, ஓர் எழுத்தின் மேல் போடாமல் விட்ட சிறு கோடு. அதோடு அவன் படிப்பு நின்றது.

1989இல் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். சிறு பிள்ளைகளுக்கு எந்தெந்தப் பாடத்தில் தேர்வு வைக்கலாம் என்று இன்றும் பேசுகிறார்கள். எதில் வேண்டுமானாலும் வையுங்கள். ஒரு பாடம் மற்றவற்றை விழுங்க மட்டும் விடாதீர்கள்.