தை இரண்டு

தை 1-க்கு எல்லா இடத்துலயும் ஒரே பெயர்தான், பொங்கல். அடுத்த நாள் தை 2 இருக்கு பாருங்க, அதுக்குத்தான் ஏகப்பட்ட பெயர். மாடு வச்சிருக்கறவங்களுக்கு மாட்டுப் பொங்கல். அரசு விடுமுறைப் பட்டியல்ல திருவள்ளுவர் நாள். எங்க மறைமலைநகர்ல ஷிப்டு முடிஞ்சு வர்றவங்ககிட்ட கேட்டா, "நாளைக்குக் கடை லீவு சார்". எந்தக் கடைன்னு நான் சொல்லணுமா என்ன :-)

டாஸ்மாக் மட்டுமில்ல, பல ஊர்ல கறிக்கடையும் அன்னிக்கு மூடணும். ஆனா எங்க பக்கம் நிறைய வீட்டுல பொங்கலுக்கு மறுநாள்தான் கறி எடுப்பாங்க. விளைவு? பொங்கல் அன்னிக்கு சாயங்காலமே கறிக்கடை வாசல்ல நீளமா க்யூ. அதாவது திருக்குறள்ல 133 அதிகாரம் இருக்கு. அதுல கள்ளுண்ணாமை (93), புலால் மறுத்தல் (26) ஆகிய ரெண்டை மட்டும் வருஷத்துல ஒரு நாள் அரசாங்கமே அமல்படுத்துது. மீதி 131 நம்ம சொந்தப் பொறுப்பு.

சரி, விஷயத்துக்கு வருவோம். வள்ளுவர் தை 2 அன்னிக்குத்தான் பிறந்தாரா?

யாருக்கும் தெரியாது. பழைய வழக்கம் வேற மாதிரி. மயிலாப்பூர்ல இருக்கற திருவள்ளுவர் கோயில் மரபுல அவருக்கு உரிய நாள் வைகாசி அனுஷம். நல்ல கோடைக்காலம். 1935-ல் தமிழறிஞர்கள் சென்னையில திருவள்ளுவர் திருநாட் கழகம்னு ஒண்ணு வச்சுக் கொண்டாடினப்பவும் அந்த வைகாசியைத்தான் எடுத்துக்கிட்டாங்க. சைவர், சமணர்னு ஆளாளுக்கு வள்ளுவரை இழுத்துக்கிட்டிருந்த காலம். எல்லாரும் ஒண்ணா உட்கார ஒரு நாள் வேணும்கறதுதான் நோக்கம்.

அங்கதான் எங்க ஊர்க்காரர் வர்றார். ஊர்க்காரர்னா, அவர் இங்க வாழ்ந்தவர் இல்லை. அவர் பேர்ல ஊர் இருக்கு, அவ்வளவுதான். மறைமலை அடிகள் பிறந்தது நாகப்பட்டினத்துல, 1876-ல். இயற்பெயர் வேதாசலம். வேதம் மறையாச்சு, அசலம் மலையாச்சு. சென்னை கிறித்தவக் கல்லூரியில 1898-லிருந்து தமிழ் சொல்லிக் கொடுத்தார். 1911-ல் வேலையை விட்டுட்டுப் பல்லாவரத்துல குடியேறினார். 1916-ல் தனித்தமிழ் இயக்கம். 1950-ல் காலமானார். அவர் காலத்துக்கு அப்புறம்தான் சென்னை நெரிசலைக் குறைக்கறதுக்காக ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரமா ஒரு புதுநகரம் போட்டு அவர் பேரை வச்சாங்க.

(வெளியூர் நண்பர்கள் எங்க முகவரியில 'என்.எச்.2'ன்னு பார்த்துட்டு நேஷனல் ஹைவேயில வீடு தேடுவாங்க. அது ஹைவே இல்லீங்க, 'நெய்பர்ஹுட்'. தனித்தமிழ் தந்தையோட பேர் வச்ச ஊர்ல ஏரியாவுக்கெல்லாம் இங்கிலீஷ் எழுத்து! அடிகள் கோவிச்சுப்பாரோன்னு முன்னாடி நினைப்பேன். அப்புறம்தான் தெரிஞ்சது, அவர் பல வருஷமா எழுதின டயரியே இங்கிலீஷ்லதான்னு. மனசு லேசாச்சு.)

அடிகள் செய்த ஒரு காரியம் இன்னிக்கும் அரசுக் கோப்புல நிக்குது. வள்ளுவர் கி.மு. 31-ல் பிறந்தார்னு கொள்ளலாம், அதை வச்சுத் தமிழருக்கு ஒரு தொடர் ஆண்டு வச்சுக்கலாம்னு அவர் சொன்னார். ஏன் தேவைன்னா, நம்ம பிரபவ, விபவ கணக்கு அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப வந்துடும். கல்வெட்டுல ஒரு வருஷப் பேர் மட்டும் இருந்தா எந்தச் சுற்றுன்னு மண்டையைப் பிச்சுக்கணும். திருவள்ளுவர் ஆண்டுல அந்தத் தொல்லை இல்லை. ஆங்கில வருஷத்தோட 31 கூட்டுங்க, முடிஞ்சது. 2026-ன்னா 2057. 1971-லிருந்து அரசு நாட்குறிப்பு, 1972-லிருந்து அரசிதழ், 1981-லிருந்து எல்லா அரசு அலுவல்னு படிப்படியா அது உள்ள வந்தது.

அந்தக் கி.மு. 31 நிரூபிக்கப்பட்ட கணக்கா? இல்லை. எஸ். வையாபுரிப் பிள்ளை குறளை கி.பி. ஆறாம் நூற்றாண்டு வாக்குல வச்சார். கமில் சுவலபில் கி.பி. 450-500-ன்னார். ஏறக்குறைய ஐந்நூறு, அறுநூறு வருஷ வித்தியாசம்! அடிகள் சொன்னது ஒரு முடிவு. எங்கேயாவது ஒரு ஆணி அடிச்சாத்தானே காலண்டரை மாட்ட முடியும்?

நாளும் அப்படித்தான். 1970 வாக்குல வைகாசியை விட்டுட்டு தை 2-ஐத் திருவள்ளுவர் நாளா அரசு ஆக்குச்சு. பொங்கலை ஒட்டி வந்தா ஊரே வீட்டுல இருக்கும், அறுவடை முடிஞ்சு கையில நாலு காசு இருக்கும், சாதி மதம் பார்க்காத பண்டிகை வேற. நல்ல யோசனைதான்.

இதுல ஒரு வேடிக்கை. தை 1-ங்கறது சூரியன் மகர ராசிக்குள்ள நுழையற நாள். ராசிக் கணக்கு நட்சத்திரத்தை வச்சது, ஆங்கிலக் காலண்டர் பருவத்தை வச்சது. ரெண்டுக்கும் நடுவுல சுமார் எழுபது வருஷத்துக்கு ஒரு நாள் விலகிக்கிட்டே போகுது. விவேகானந்தர் பிறந்த 1863 ஜனவரி 12 அன்னிக்குத்தான் மகர சங்கராந்தி. நாம வளர்ந்தப்ப பொங்கல்னா ஜனவரி 14-ன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வோம். இப்ப பாருங்க, 2025-ல் 14, 2026-ல் 15. ஆக, திருவள்ளுவர் நாளும் ஒரு வருஷம் ஜனவரி 15, ஒரு வருஷம் 16. 2100 லீப் ஆண்டு இல்லைங்கறதால அப்ப இன்னொரு தள்ளு தள்ளும்.

பின்னாடி போனா இன்னும் சுவாரஸ்யம். சூரியன் நிஜமா வடக்கே திரும்பறது டிசம்பர் 21, 22 வாக்குல. தை 1-ம் அதுவும் ஒரே நாள்ல வந்தது சுமார் 1700 வருஷத்துக்கு முன்னால. மாமல்லன் நரசிம்மவர்மன் காலத்துலயே அஞ்சு நாள் விலகியாச்சு. இன்னிக்கு மூணு வாரத்துக்கு மேல. உத்தராயணம் பிறந்துடுச்சுன்னு நாம கும்பிடறப்போ சூரியன் கிளம்பிப் போயி மூணு வாரம் ஆகியிருக்கும்.

தை 1 ஆண்டுப் பிறப்பா இல்லையாங்கற சண்டை உங்களுக்கே தெரியும். 2008-ல் தி.மு.க. அரசு சட்டம் போட்டுத் தைக்கு மாத்துச்சு. 2011-ல் அ.தி.மு.க. அரசு இன்னொரு சட்டம் போட்டுத் திரும்பச் சித்திரைக்குக் கொண்டு போச்சு. இன்னிக்கும் சித்திரைதான். மூணு வருஷத்துல புத்தாண்டு வந்து, போயிடுச்சு! ஆனா அந்த மூணு வருஷமும் எங்க தெருவுல பொங்கல் பொங்கினது அதே மாதிரிதான், சித்திரைக்கு வேப்பம்பூப் பச்சடி வச்சதும் அதே மாதிரிதான். ஆணை போட்டா விடுமுறை வரும். வீட்டு அடுப்பு அதைக் கேட்டு எரியறதில்லை.

இதுக்கு நேர் எதிரா ஒரு கதை சொல்றேன். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டின ஜான் பென்னிகுயிக் 1841-ல் பிறந்தது ஜனவரி 15-ஆம் தேதி. வெள்ளைக்காரர், ராணுவ எஞ்சினியர். 1895-ல் அணை திறந்தது. மேற்கே ஓடிக் கடல்ல கலந்த தண்ணி கிழக்கே வந்தது. தேனி, கம்பம் பக்கத்து விவசாயிங்க அவர் படத்தை வீட்டுல மாட்டி, பிள்ளைங்களுக்கு அவர் பேரை வச்சு, அவருக்காகப் பொங்கல் வைக்கிறாங்க. அரசு மணிமண்டபம் கட்டினது 2013-ல். அதுக்கு ரொம்ப முன்னாடியே ஜனங்க அந்த நாளை எடுத்துக்கிட்டாங்க.

அதே தேதியை ஒட்டித்தான் வள்ளுவரும் வர்றார். அவருக்கு என்ன குறைச்சல்? கன்னியாகுமரியில 2000 ஜனவரி 1 அன்னிக்குத் திறந்த 133 அடி சிலை. பீடம் 38 அடி அறத்துப்பாலுக்கு, சிலை 95 அடி பொருளுக்கும் இன்பத்துக்கும். அதைச் செஞ்ச கணபதி ஸ்தபதி நம்ம மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியில முதல்வரா இருந்தவர். 2004 சுனாமி அடிச்சும் சிலை அசையலை. விருது இருக்கு, கோட்டம் இருக்கு, லீவு இருக்கு. ஆனா அவருக்குன்னு நம்ம வீட்டுல நாம செய்யற ஒரே ஒரு காரியம்? யோசிச்சுப் பாருங்க. கறியை முந்தின நாளே வாங்கி வைக்கிறது. அவ்வளவுதான்.

எனக்கு இது கொஞ்சம் உறுத்தலா இருக்கு. வைகாசியிலிருந்து தைக்கு மாத்தினவங்க, ஆண்டுக்கு ஆணி அடிச்ச அடிகள், எல்லாரும் இது வீட்டுக்குள்ள வரணும்னுதானே பாடுபட்டாங்க? பல்லாவரத்துல உட்கார்ந்து அவர் யோசிச்ச தமிழர் ஆண்டு, அவர் பேர் வச்ச ஊர்லயே கல்யாணப் பத்திரிகை ஓரத்துல சின்ன எழுத்தா நிக்குது.

அதனால நாலஞ்சு வருஷமா நாங்க ஒண்ணு பண்றோம். பெரிய விழா எல்லாம் இல்லை. எங்க தெருக் கடைசியில ஒரு பெரியவர் ரெண்டு மாடு வச்சிருக்கார். தை 2 சாயங்காலம் கொம்புக்குப் பெயிண்ட் அடிச்சு, மாலை போட்டு, பொங்கல் ஊட்டறப்போ, தெருப் பசங்க 104-ஆம் அதிகாரம் படிக்கிறாங்க. உழவு. பத்தே குறள், ரெண்டு நிமிஷம். மாட்டுக்கும் வள்ளுவருக்கும் ஒரே நாளான்னு சிரிக்கிறவங்க அந்தப் பத்தையும் ஒருதடவை படிச்சுப் பார்க்கட்டும், பொருத்தம் புரியும். முதல் வருஷம் மூணு பசங்க. போன தடவை பதினொண்ணு. பெரியவர் மட்டும், "சீக்கிரம் படிங்கப்பா, மாடு பசியா இருக்கு"ம்பார் :-)

உங்க தெருவுல மாடு இல்லைன்னா பரவாயில்லை. சோறு இருக்குல்ல, சாப்பிடறதுக்கு முன்னாடி படிக்கலாம்.

கொசுறு:

* மாமல்லபுரம் போனா கிருஷ்ண மண்டபத்துல பால் கறக்கற சிற்பத்தைப் பாருங்க. மாடு தன் கன்னை நக்கிக் கொடுக்கும். காணும் பொங்கல் அன்னிக்குப் போகாதீங்க, மாட்டைப் பார்க்க முடியாது, மனுஷங்க தலைதான் தெரியும்.

* 1934 ஜனவரி 15-ல் பீகாரில் பெரிய பூகம்பம். காந்தி அப்போ தென்னிந்தியச் சுற்றுப்பயணத்துல இருந்தார். அது தீண்டாமைப் பாவத்துக்குத் தண்டனைன்னு திருநெல்வேலியில பேசினார். தாகூர் அதைக் கடுமையா மறுத்தார்.

* 1949 ஜனவரி 15 அன்னிக்குத்தான் கரியப்பா இந்தியத் தரைப்படையோட முதல் இந்தியத் தலைமைத் தளபதி ஆனார். ராணுவ தினம் அதனாலதான்.

* 2001 ஜனவரி 15, விக்கிப்பீடியா பிறந்த நாள்.

* 2010-ல் தை 2-உம் ஜனவரி 15-உம் ஒண்ணா வந்தது. அன்னிக்கு வளைய சூரிய கிரகணம். இந்த ஆயிரமாண்டுலயே நீளமானது, அதிகபட்சம் 11 நிமிஷம் 8 விநாடி. தனுஷ்கோடியில வளையம் தெரிஞ்சது. அன்னிக்குப் பல வீட்டுல மாட்டுக்குப் பொங்கல் கிரகணம் விட்ட பிறகுதான். மாடு காத்துக்கிட்டிருந்தது.