ஆட்டம் யாருக்குச் சொந்தம்?

மாலை வேளையில் இராயபுரம், காசிமேடு பக்கம் நடந்து பாருங்கள். தெருவோரத்தில் ஒரு கேரம் பலகையைச் சுற்றி நாலைந்து பேர் குனிந்து நிற்பதைக் காணலாம். வடசென்னைக்கும் கேரத்துக்கும் அத்தனை நெருக்கம்! இப்பகுதியைச் சேர்ந்த காசிமா, 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக்கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார்.

அந்த ஆட்டம் யாருக்குச் சொந்தம்? பலகை மன்றத்துக்குச் சொந்தமாக இருக்கலாம். ஆட்டமோ எல்லோருக்கும் பொது. காய் தொலைந்தால் வேறு காய் போடலாம். சட்டம் உடைந்தால் தச்சர் சரிசெய்வார். பலகை விற்றவர் கடையை மூடிவிட்டாலும் ஆட்டம் நிற்பதில்லை.

கணிப்பொறி ஆட்டங்களும் தொடக்கத்தில் இப்படித்தான் இருந்தன. 1962-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் 'ஸ்பேஸ்வார்' என்னும் விண்கலப் போர் ஆட்டத்தை எழுதினர். ஒருவர் அதில் உண்மையான விண்மீன் படத்தைச் சேர்த்தார். இன்னொருவர் நடுவிலுள்ள விண்மீனுக்கு ஈர்ப்பு விசையைக் கொடுத்தார். அதைப் படியெடுக்க யாரும் தடை சொல்லவில்லை.

1970-களில் மென்பொருள் விற்பனைப் பொருளாயிற்று. பணம் தராமல் படியெடுப்பது திருட்டு என்று 1976-இல் பில் கேட்ஸ் பகிரங்கக் கடிதம் எழுதினார். உழைத்தவருக்குக் கூலி வேண்டும் என்பது நியாயமே. ஆனால் கூலியோடு பூட்டும் வந்தது. மனிதர் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய மூலநிரலை நிறுவனங்கள் தம்மிடமே வைத்துக்கொண்டன. வாங்கியவருக்குக் கிடைத்தது இயந்திரத்துக்கு மட்டும் புரியும் வடிவமும், ஆடுவதற்கான அனுமதியுமே.

இதை எதிர்த்து 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் 'குனு' திட்டத்தை அறிவித்தார். விரும்பியபடி இயக்குதல், படித்துத் திருத்துதல், படியெடுத்துப் பகிர்தல், திருத்தியதைப் பிறருக்கு அளித்தல் ஆகிய நான்கு உரிமைகளும் உடையதே கட்டற்ற மென்பொருள்.

ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல், அதனால் குழப்பம். தமிழில் அக்குழப்பம் இல்லை. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு 'விலையில்லா மடிக்கணினி' வழங்கத் தொடங்கியதல்லவா? அவற்றில் விண்டோஸ், சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் என இரண்டு இயக்குதளங்கள் இருந்தன. மாணவருக்கு இரண்டும் விலையில்லாதவையே. ஆனால் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை தந்தது லினக்ஸ் மட்டுமே. விலையில்லாததெல்லாம் கட்டற்றதாகிவிடாது.

இந்த வேறுபாட்டால் என்ன நேரும்? யூபிசாஃப்ட் நிறுவனம் 2014-இல் 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய ஆட்டத்தை வெளியிட்டது. தனியாக ஆடினாலும் அது நிறுவனத்தின் சர்வருடன் தொடர்பில் இருக்க வேண்டும். 2024 மார்ச் 31-இல் சர்வரை நிறுத்தினார்கள். அத்துடன் காசு கொடுத்துக் குறுந்தட்டு வாங்கியவர்களுக்கும் ஆட்டம் போயிற்று! பின்னர் கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. விற்கப்படுவது உரிமம் மட்டுமே என்றால், அதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்லவேண்டும் என்கிறது அது. 2025-இல் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது.

இதற்கு மாறான கதையும் உண்டு. 1993-இல் வெளிவந்த 'டூம்' ஆட்டத்தின் மூலநிரலை 1997-இல் ஐடி நிறுவனம் வெளியிட்டது. 1999-இல் அதைக் கட்டற்ற உரிமத்தின்கீழ்க் கொண்டுவந்தது. படங்களும் ஒலிகளும் நிறுவனத்தின் சொத்தாகவே நீடித்தன. எனினும் ஆர்வலர்கள் நிரலைத் திருத்தித் திருத்திப் புதிய இயந்திரங்களுக்கு ஏற்றபடி மாற்றினார்கள். அதனால் அது இன்றும் ஓடுகிறது. பல ஆண்டுகளுக்கு முன் நான் விலைகொடுத்து வாங்கிய வேறு ஆட்டங்களோ அலமாரியில் வெறும் தட்டுகளாகக் கிடக்கின்றன.

நல்ல ஆட்டத்தை ஆக்கியவருக்கு விலை கொடுங்கள், தவறில்லை. ஆனால் வாங்குமுன் ஒன்று கேளுங்கள்: விற்றவர் கடையை மூடிவிட்டால் இது ஓடுமா? தம்பிக்கு இதை இரவல் தர முடியுமா? பழுதானால் திருத்தத் தெரிந்தவருக்கு அனுமதி உண்டா? காசிமேட்டுக் கேரம் பலகை இம்மூன்றுக்கும் 'ஆம்' என்கிறது. நீங்கள் வாங்கும் ஆட்டம் என்ன சொல்கிறது?