குற்றச்சாட்டுக் குறிப்பாணை பிறந்த கதை

நவி மும்பையின் வாஷியில் எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டு அண்ணன் ஒரு பொது அமைப்பில் கடைநிலை ஊழியர். போன மழைக்காலத்தில் ஒரு மாலை, மராத்தியில் அச்சான நான்கு தாள்களோடு வந்து நின்றார். "சார்ஜ் ஷீட் குடுத்துட்டாங்க தம்பி. வேலை போயிடுச்சா?" என்றார். குரல் நடுங்கியது.

"இல்லண்ணே. வேலையில இருந்து எடுக்கணும்னா முதல்ல உங்ககிட்ட கேக்கணும். இது அந்தக் கேள்வி" என்றேன். தமிழ்நாட்டு அரசு ஊழியர்கள் இந்தக் குற்றச்சாட்டுக் குறிப்பாணையை விதியின் எண்ணால் '17பி' என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டாலே சாப்பாடு இறங்காத குடும்பங்கள் உண்டு. ஆனால் இந்தத் தாளே இல்லாமல், ஒரே வரி ஆணையில் வேலை போன காலம் ஒன்று இருந்தது.

குற்றச்சாட்டை எழுத்தில் வடித்துக் கொடுத்து விசாரிக்கும் முறைக்குக் கம்பெனி ஆட்சியில் 1850-இல் வந்த பொது ஊழியர் விசாரணைச் சட்டம் ஒரு பழைய அச்சு. அரசின் அனுமதியின்றி நீக்க முடியாத பெரிய அதிகாரிகளுக்கு வகுத்த சட்டம் அது. எழுத்தரும் பியூனும் அதற்குள் வரவில்லை. 1919 இந்திய அரசுச் சட்டத்துக்குப் பின் எழுதப்பட்ட பணி விதிகள்தாம் கீழ்நிலை ஊழியரையும் கணக்கில் எடுத்தன. குற்றச்சாட்டு திட்டவட்டமாக எழுத்தில் இருக்க வேண்டும், சாட்சியம் பதிவாக வேண்டும், ஊழியரின் எழுத்துப்பூர்வ விளக்கத்தைப் பெற வேண்டும் என்றன.

விதி இருந்து என்ன பயன்? சென்னை அரசு அச்சகத்தில் ரீடராக, அதாவது மெய்ப்புப் பார்ப்பவராக, இருந்தார் வெங்கட ராவ். அச்சுக்கு வந்த தேர்வுத் தாளின் விவரம் கசிந்தது என்ற குற்றச்சாட்டில் அவரை நீக்கினார்கள். விதி சொன்ன விசாரணை நடக்கவில்லை. வழக்கு அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1937-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்புகளில் அதைப் படிக்கலாம். விதிகள் பின்பற்றப்படவில்லை என்பதை அந்த மன்றத்தின் நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டும் அவரைக் கைவிட்டார்கள். ஊழியர் வேலையில் இருப்பது மன்னரின் விருப்பம் உள்ளவரைதான், விதி மீறப்பட்டால் துறைக்குள்ளேயே மேல்முறையீடு செய்துகொள்ள வேண்டும், நீதிமன்றத்துக்கு வரும் உரிமை கிடையாது என்பது தீர்ப்பு. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. தவறு நடந்தது என்று சொல்லிவிட்டு, தவறுக்கு ஆளானவரைத் திருப்பி அனுப்பியது எப்படி நீதியாகும்?

அதே சமயம் அதே மன்றத்தில் இன்னொரு சென்னை வழக்கு. ரங்காச்சாரி என்ற போலீஸ் சப்-இன்ஸ்பெக்டரை, அவரை நியமித்தவருக்கும் கீழான அதிகாரி நீக்கியிருந்தார். அப்படிச் செய்யக் கூடாது என்ற தடை 1919 சட்டத்தின் பிரிவிலேயே இருந்தது. அதனால் அந்த நீக்கம் செல்லவில்லை. விதியை மட்டும் நம்பியவர் தோற்றார், சட்டத்தில் பிடிமானம் இருந்தவர் ஜெயித்தார். கதையின் திருப்பம் இங்கேதான் இருக்கிறது.

வெங்கட ராவின் தீர்ப்பு வருவதற்கு முன்பே, 1935 இந்திய அரசுச் சட்டத்தின் 240-ஆம் பிரிவு, விளக்கம் சொல்ல நியாயமான வாய்ப்புத் தராமல் நீக்கக் கூடாது என்று எழுதிவிட்டது. அவரை நீக்கியது அதற்கு முன்பு என்பதால் அவருக்கு அது உதவவில்லை. சுதந்திரத்துக்குப் பின் அதுவே அரசியல் சாசனத்தின் 311-ஆம் பிரிவாக ஏறியது. 'நியாயமான வாய்ப்பு' என்றால் என்ன என்பதை, டெல்லியில் கூட்டுறவுச் சங்கங்களின் சப்-இன்ஸ்பெக்டராக இருந்த கேம் சந்தின் வழக்கில் 1957 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. என்ன குற்றம் என்று தெரிய வேண்டும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும் தன் தரப்பைச் சொல்லவும் வாய்ப்பு வேண்டும்.

கீழ்வீட்டு அண்ணனைப் போல வாரியத்திலும் கழகத்திலும் வேலை பார்ப்பவர்களுக்கு 311 நேராகப் பொருந்தாது. எல்.ஐ.சி., ஓ.என்.ஜி.சி. போன்ற அமைப்புகளின் பணி விதிமுறைகளுக்கும் சட்டத்தின் பலம் உண்டு என்று 1975-இல் சுக்தேவ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகே அவர்களுக்கும் தரை கிடைத்தது. 1982-இல் பம்பாய்த் துறைமுக ஊழியர் நாட்கர்ணியின் வழக்கு வந்தது. நிர்வாகத்தின் பக்கம் சட்ட ஆலோசகர்கள் உட்கார்ந்து வாதாட, ஊழியருக்கு மட்டும் வக்கீல் கூடாது என்றது அநியாயம் என்று தீர்ப்பானது.

அடுத்த ஆண்டின் இன்னொரு மகாராஷ்டிர வழக்கை நான் மறப்பதில்லை. சஸ்பெண்டான ஊழியருக்குப் பிழைப்பூதியம் உண்டு. ஆனால் பழைய பம்பாய்ப் பணி விதி ஒன்று, குற்ற வழக்கில் தண்டனை பெற்றவர் மேல்முறையீடு செய்திருந்தாலும் அவருக்கு மாதம் ஒரு ரூபாய்தான் என்றது. ஒரு ரூபாய்! சந்திரபான் தாலே வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாததாக்கியது. அமர்வில் இருந்த இரு நீதிபதிகளில் ஒருவர் ஜோலார்பேட்டையில் பிறந்த ஏ. வரதராஜன், பட்டியல் சாதியிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன முதல் நீதிபதி. பட்டினியோடு ஒருவர் விசாரணையை எதிர்கொள்ள முடியாது. கோலார் தங்கவயலின் கேப்டன் பால் அந்தோணி வழக்கிலும் 1999-இல் நீதிமன்றம் இதையே ஏற்றது. பிழைப்பூதியம் கிடைக்காமல் விசாரணைக்குப் போக முடியாதவர் அவர்.

மகாராஷ்டிர அரசு ஊழியருக்கு இன்று 1979-ஆம் ஆண்டின் ஒழுங்கு, மேல்முறையீட்டு விதிகள் நடைமுறையில் உள்ளன. கடும் தண்டனைக்கு 8-ஆம் விதி, சிறு தண்டனைக்கு 10-ஆம் விதி.

அன்று அண்ணனிடம் கடைசியாகச் சொன்னதை உங்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தாள் வந்தால் வாங்க மறுக்காதீர்கள். வாங்கிய தேதியைப் போட்டுக் கையெழுத்திடுங்கள். மொழி புரியாவிட்டால் புரிந்தவரிடம் கொண்டு போங்கள். அதில் சொல்லியிருக்கும் ஆவணங்களின் நகலை எழுத்தில் கேளுங்கள். கெடு முடிவதற்குள் பதில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.