துணைக்கு உட்கார்ந்தவள்

கர்ப்பிணியின் பயம் என்றதும் மருத்துவம் அவள் மனதைத் தேடிப் போகிறது. வீட்டுக் கிழவிகள் மசக்கை, கண்ணேறு என்று முடித்துவிடுகிறார்கள். இரண்டிலும் விடுபடுவது கூலிக் கணக்கு. காஞ்சிபுரத்துப் பட்டுத்தறியை வைத்து இதைப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா வேண்டும். உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் இரண்டு. ஓர் ஆளால் ஆகாது. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்த இடத்தில் வெகுகாலம் உட்கார்ந்தவர்கள் மனைவியும் பிள்ளைகளும்தான். தார் சுற்றுவதும் அவள்தான். கூலி மட்டும் சேலைக்கு இவ்வளவு என்று பெரும்பாலும் அவன் பேரில் எழுதப்பட்டது. எங்க ஆயாவைக் கேட்டால், 'நான் எங்க நெய்தேன், துணைக்கு உக்காந்தேன்' என்றுதான் சொல்லும். அந்தத் 'துணைக்கு'-வில் ஒரு தொழிலாளி காணாமல் போய்விடுகிறாள்.

சட்டமும் அவளைப் பார்க்கவில்லை. 1929-இல் பம்பாய் மாகாணத்தில் வந்த மகப்பேற்று உதவிச் சட்டம் ஆலைப் பெண்களுக்கானது. 1961-இல் வந்த மத்தியச் சட்டமும் ஆலை, சுரங்கம், தோட்டம் என்றே தொடங்கியது. 2017-இல் விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கிய திருத்தமும் நிறுவனம் என்ற வேலியைத் தாண்டவில்லை. வருகைப் பதிவேடு இருந்தால்தான் கர்ப்பம் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்தது. தறி வீட்டுக்குள்ளேயே இருந்தால் அவளுக்கு முதலாளி யார்? புருஷனா, பட்டும் ஜரிகையும் கொடுத்தனுப்புகிறவரா?

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில்தான் பயம் குடியேறுகிறது. மாதம் ஏற ஏற அவளால் தறியில் உட்கார முடியாது. வெளியாள் வைத்தால் அவருக்குக் கூலி கொடுக்கணும். வைக்காவிட்டால் சேலை இறங்கத் தாமதமாகும். முன்பணம் வாங்கிய வீடென்றால் அதற்கும் பதில் சொல்லணும். 'வளைகாப்பு வருதேன்னு சந்தோஷமில்ல, தறிக்கு யாரு உக்காருவாங்கன்னுதான் ரோசன' என்று ஆயா சொன்னதை நான் ரொம்ப நாள் வேடிக்கைப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

1987-இல் முத்துலட்சுமி ரெட்டி பேரில் தமிழக அரசு தொடங்கிய மகப்பேறு உதவி 300 ரூபாய். அது 2006-இல் 6,000, 2011-இல் 12,000, 2018-இல் 18,000 ஆனது. இதற்கு ஆலை வாசல் தேவைப்படவில்லை, வறுமையே தகுதி. இதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனாலும் ஏழைக்கு உதவி என்பது வேறு, தொழிலாளிக்கு இழந்த கூலி என்பது வேறு.

2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டின் சுமார் 35 லட்சம் கைத்தறித் தொழிலாளர்களில் 25 லட்சம் பேர் பெண்கள். துணைக்கு உட்கார்ந்தவள் கணக்கெடுப்பில் வந்துவிட்டாள். கூலிக் கணக்கில் அவள் பேர் தனியாக ஏறாதவரை, அவள் பயத்தை மனநோய் என்று சொல்ல எனக்கு வாய் வராது.